பத்து முப்பத்தைந்து

பதினேழு வருடமாக வில்லாபுரத்தில் ஒரு பொட்டலில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளோடு எனக்கு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. வந்ததெல்லாம் பெற்றவர்களோடுதான். கிரிதர் என்று ஒரு வங்கி அதிகாரி இருந்தார். மகள் ஆடியதை வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, நடுவர் தீர்ப்பு தப்பு என்று எனக்குப் பத்து முறை அனுப்புவார். இன்னொரு அம்மா, மகள் முகம் கறுத்துப்போகும் என்று கோட்டுக்கு வெளியே குடையோடு நிற்பாள். கத்துகிறவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். நாகஜோதியின் அப்பா சிவக்குமாரும் அம்மா சத்யப்ரியாவும் என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அவர்களிடம்தான் நான் தோற்றேன்.

சிவக்குமாருக்கு லோடு ஆட்டோ. பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். ஆறாம் வகுப்பில் மகளைக் கொண்டுவந்து விட்டபோது சத்யப்ரியா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"வயசுக்கு வாரவரைக்கும் வெளயாடட்டும் டீச்சர். அப்பறம் நிப்பாட்டிக்கிருவோம்."

நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அந்த 'வரைக்கும்' என்ற சொல்லோடு அன்றைக்கே மல்லுக்கட்டியிருக்க வேண்டும். இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே, அதற்குள் மனசு மாறாதா என்று விட்டுவிட்டேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

நாகஜோதி ஒல்லிப் பிள்ளை. ஆனால் பாடிப் போனால் மூச்சு அறாது. எதிர்ப்பக்கத்து ஏழு பேரும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருக்க, கையை நீட்டித் தொட்டுவிட்டு வந்துவிடுவாள். எட்டாம் வகுப்பு முடித்த மே மாதத்தில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. சேர்ந்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பு வரை சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால்தான் உண்டு, அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். திங்கட்கிழமை தேர்வு. இந்தப் பிள்ளையை எடுக்காமல் வேறு யாரை எடுப்பார்கள் என்று எனக்கு அத்தனை நம்பிக்கை.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை, பயிற்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், நாகஜோதி கோட்டை விட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. விஷயம் புரிந்ததும் என் துப்பட்டாவை அவள் இடுப்பில் கட்டி, பக்கத்திலிருந்த என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வேண்டியதைக் கொடுத்து, எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லி, டீ போட்டுக் கொடுத்தேன். அவள் டீயைத் தொடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், வீட்ல சொல்லிறாதீங்க மிஸ். திங்கக்கெழம செலெக்‌ஷன் முடியட்டும். இப்பச் சொன்னா மூலைல உக்கார வச்சிருவாங்க."

சொல்லியிருக்க வேண்டும். ஒரு தாய்க்குத் தெரிய வேண்டியதை மறைக்க நான் யார்? ஆனால் ஆறே ஆறு நாள் என்று மனசு கணக்குப் போட்டது. சரி என்றேன். அவள் அப்போதுதான் அழுதாள்.

வெள்ளிக்கிழமை போகும்போது, "ஊர்ல திருவிழா மிஸ், நாளைக்கு வரமாட்டேன்" என்றாள். "வயிறு முட்டத் தின்னுட்டு வந்துறாத, எடை பாப்பாங்க" என்றேன். திருவிழாவில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை நாகஜோதி ஆடிய ஆட்டத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாவது பெயர் அவளுடையது. ஷேர் ஆட்டோவில் வரும்போதே இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்: வயதுக்கு வந்தது இன்றைக்குத்தான், மைதானத்தில், தேர்வு முடிந்த பிறகு.

அவர்கள் வீட்டில் இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் சொன்னேன். சிவக்குமார் பட்டியல் இருந்த என் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சத்யப்ரியா மகளை ஒரு நிமிடம் பார்த்தாள். கண் கலங்கியது. நான் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை.

"நிப்பாட்டணும்னுதேன் இருந்தோம். கவர்மெண்டே கூப்புடுதுன்னா நாம எதுக்கு மறிக்கணும்? சடங்கப் பெறகு வச்சுக்கிருவோம், தல தண்ணிய மட்டும் ஊத்தி அனுப்பிருவோம்" என்றாள். எனக்கு அந்த நிமிடம் அவள் காலில் விழலாம்போல இருந்தது.

பிறகு சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்தாள். பேனாவை எடுத்தாள்.

"மணி எம்புட்டு டீச்சர்? சரியாச் சொல்லுங்க. அந்த நேரத்த வச்சுத்தேன் ஜாதகம் எழுதணும்."

இதை நான் யோசிக்கவே இல்லை. வயதுக்கு வந்த நேரத்துக்குத் தனியாக ஜாதகம் எழுதுவார்கள் என்று தெரியாதவளா நான்? எனக்கும் எழுதினார்கள். ஆட்டோவில் அத்தனை பேசியவர்கள் மணியைப் பேசவில்லை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ராகு காலம், அது மட்டும் ஞாபகம் வந்தது. அதைத் தாண்டிவிட வேண்டும் என்று, கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

"பத்து முப்பத்தஞ்சு."

"டீச்சரு வாட்ச்ல பாத்து நிமிசத்தோட சொல்றாங்க பாருங்க" என்று புருஷனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை ஜோசியரிடம் போயிருக்கிறார்கள். வியாழக்கிழமை சிவக்குமார் போன் செய்தார். குரலே சரியில்லை. "டீச்சர், பாப்பாவ அனுப்ப முடியாது போலருக்கு."

ஓடினேன். சத்யப்ரியாவின் அண்ணன் அழகுபாண்டி உசிலம்பட்டியிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா இல்லாத தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். உள்ளறையில் ஒரு மூலையில், தனித் தட்டும் தம்ளருமாக நாகஜோதி உட்கார்ந்திருந்தாள்.

"திங்கக்கெழம பத்தரைக்கு மேல எமகண்டமாம் டீச்சர்" என்றாள் சத்யப்ரியா. "அந்த நேரத்துல ஆன பிள்ள, ஒரு வருசம் பெத்தவள விட்டுப் பிரியக்கூடாதாம். பிரிஞ்சா தாய்மாமனுக்கு ஆகாதாம். எனக்கு அண்ணன விட்டா யாரு இருக்கா?"

எமகண்டம். காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. நான் அதைப் படித்ததே இல்லை. பத்து இருபத்தைந்து என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அடுத்த வெள்ளிக்குள் விடுதியில் சேர வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை, உண்மையைச் சொன்னேன்.

"நான் சொன்ன நேரம் பொய். திங்கட்கிழமை இல்ல. அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, காலைல ஆறு இருபது. செலெக்‌ஷனுக்காக நான்தான் மறைக்கச் சொன்னேன். பிள்ளை மேல தப்பு இல்ல."

சிவக்குமார் விரலை மடக்கி எண்ணினார். புதன், வியாழன், வெள்ளி. சனிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"அப்ப மொளப்பாரி?" என்றாள் சத்யப்ரியா.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை ஊர்க் கோயிலுக்கு முளைப்பாரி எடுத்திருக்கிறார்கள். குடும்பமே விரதம் இருந்து, வீட்டு இருட்டறையில் பயறு முளைக்கவைத்த சட்டியை நாகஜோதிதான் தலையில் சுமந்து ஊரைச் சுற்றி வந்திருக்கிறாள். தீட்டுப்பட்டவள் அந்த அறைப்பக்கமே போகக்கூடாது.

"நாந்தேன் தலைல தூக்கி வச்சேன்" என்றார் அழகுபாண்டி மெதுவாக. "ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? ஒரு மழ தப்புனாலும் எங்க வீட்டத்தேன் காட்டுவாங்க. இவள எப்புடி வளத்தன்னு என் தங்கச்சியத்தேன் கேப்பாங்க."

சத்யப்ரியா அறை வாசலில் போய் நின்றாள். "ஏ ஜோதி, நெசத்தச் சொல்லு. செவ்வாயா, திங்களா?"

நாகஜோதி அம்மாவைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. செவ்வாய் என்று ஒரு சொல் சொன்னால் அவளுக்கு ஜாதகம் சரியாகும். ஆனால் அம்மா இனி ஊரில் தலைகாட்ட முடியாது. பதிமூன்று வயதுப் பிள்ளை அதை எவ்வளவு நேரம் யோசித்தாள் என்கிறீர்கள்? ஒரு ரைடு போய் வருகிற நேரம்கூட இல்லை.

"திங்கக்கெழமதேம்மா" என்றாள். "மிஸ்ஸு எனக்காகப் பொய் சொல்றாங்க."

மூவருக்கும் உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி என்றா?

"ஹாஸ்டல்ல சேக்கணும்ங்கிறதுக்காக இம்புட்டுப் பெரிய பொய்யா டீச்சர்?" என்றாள் சத்யப்ரியா. அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "சாமி காரியம்னுகூடப் பாக்கலயே. இருங்க, காப்பி போடுறேன், குடிச்சிட்டுப் போங்க." காப்பி வந்தது. குடித்தேன்.

வெள்ளிக்கிழமை தாண்டியது. அந்த இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் சடங்கு வைத்தார்கள். தயக்கமில்லாமல் எனக்கும் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார் சிவக்குமார். அவர் மனசில் என்மேல் கோபமே இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை.

போனேன். தெருமுனையில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் நாகஜோதி மாவட்டக் கோப்பையோடு நிற்கிறாள், நான் எடுத்துக் கொடுத்த படம். மண்டபத்துக்குள் அழகுபாண்டி கொண்டுவந்த தாய்மாமன் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. பட்டுச்சேலையும் மாலையுமாக அவளை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மாலைக் கனத்தில் தோள் குனிந்திருந்தது. முழங்காலில் பழைய சிராய்ப்பு இன்னும் ஆறியிருக்காது, சேலை மறைத்திருந்தது.

நலங்கு வைக்க என்னையும் கூப்பிட்டார்கள். சந்தனத்தைக் குழைத்து அவள் கன்னத்தில் தடவினேன். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். சிரித்தாள். உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"பத்து நிமிசம் முன்னாடி சொல்லிருக்கக் கூடாதா மிஸ்?"