பின்பக்க மூடி

போன வருடம் தீவுக்குப் போகும் வழியில், ஒற்றை ஆள் துடுப்புப் படகான என் கயாக்கின் பின்பக்க மூடி பிளந்துகொண்டது. வெயிலில் காய்ந்து வெடித்த பழைய ரப்பர். சாமான் வைக்கும் அறைக்குள் தண்ணீர் ஏறி, படகின் வால் கனத்து, பாதியில் திரும்பி வந்தேன். கரையில் என் கணவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை.

"மூடி விஷயத்த என்கிட்ட விட்டுடு. நான் பாத்துக்கறேன்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அவருக்கு ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் தொழில். வண்டியின் பக்கவாட்டில் கண்ணாடிகளைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவார். அளவில் ஒரு நூல் பிசகாது. அப்பேர்ப்பட்டவர் வாங்கிவந்த முதல் மூடி சின்னதாக இருந்தது. இரண்டு பேரும் முட்டி போட்டு அழுத்திப் பார்த்தோம். விளிம்பைப் பிடிக்கவே இல்லை. காரணம் எனக்கே புரிந்தது. ஜன்னலுக்கு உள் அளவை எடுத்து, அதிலும் கொஞ்சம் குறைத்துத்தான் கண்ணாடி வெட்டுவார்கள். கயாக் மூடி விளிம்பின் மேல் கவிந்து வெளிப்பக்கம் கவ்வ வேண்டும். அதற்கு வெளி அளவுதான் கணக்கு.

"கயாக்குக்கும் ஜன்னல் போட்டுட்டீங்களா?" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். இந்தத் தடவை வெளி அளவை நானே எடுத்துக் கையில் கொடுத்தனுப்பினேன்.

இரண்டாவது மூடியும் சின்னது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். அடுத்தது வந்தது, அதுவும் உட்காரவில்லை. கயாக் வீட்டு நடையில் கயிற்றில் தொங்கியது. அதற்குக் கீழே குனிந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும். குனியும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காற்று திசை மாறிவிட்டால் இந்த வருடமும் தீவு இல்லை. ஒரே ஒரு இரவு, யாரும் கூப்பிடாத இடத்தில் தனியாகப் படுத்திருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அவரோ காப்பி போட்டுக் கொடுத்தார், தோள் பிடித்துவிட்டார், "அடுத்த வாரம் கண்டிப்பா" என்றார். இப்படி ஒரு மனிதரோடு எதை வைத்துச் சண்டை போடுவது?

கடைசியில் நானே படகுக் கடைக்குப் போனேன். ஏன் சரியான மூடி தரவில்லை என்று கேட்டதும் கடைக்காரர் முழித்தார்.

"ரெண்டாவது தடவையே சரியான மூடியத்தானேமா குடுத்தனுப்பினேன்? சாயங்காலமே வந்து, சின்னதா வேணும்னு மாத்திக்கிட்டுப் போனாரு. நானும் வேற படகுக்குப் போலன்னு நெனச்சேன்."

எங்களிடம் வேறு படகு கிடையாது. கடைக்காரர் பாட்டுக்கு இரண்டு மூடிகளை எடுத்து வைத்தார். "இது கெட்டி ரப்பர். வருஷக்கணக்கா உழைக்கும். ஆனா குளிர்ல கை வெறச்சா கழட்டறது கஷ்டம். இது மெத்துனு இருக்கும், சுலபமா கழண்டு வரும். சீக்கிரம் தேஞ்சிடும்."

"கழண்டு வர்றதயே குடுங்க" என்றேன்.

வீட்டில் அவர் கண் முன்னாலேயே மூடியைப் பொருத்தினேன். ஒரே அழுத்து, கவ்விக்கொண்டது. மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, துடைத்துவிட்டுத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போகாதேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல." கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு நீ திரும்பி வர்ற வரைக்கும் என் உசிரு என்கிட்ட இல்ல."

பாவமாகத்தான் இருந்தது. கோபமும் போகவில்லை. "சனிக்கிழமை போறேன். ராத்திரி தங்கிட்டுத்தான் வருவேன். நீங்க கரையில நிக்கக் கூடாது. அந்தப் பார்வைய முதுகுல சுமந்துக்கிட்டு என்னால துடுப்புப் போட முடியாது."

"சரி. நிக்கல."

சனிக்கிழமை கரையில் யாருமில்லை. கடல் படுத்துக் கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும், கரையோரச் சாலையில் ஏதோ பளிச்சென்று அடித்தது. மறுபடியும் அடித்தது. நான் வேகமாகப் போனால் அதுவும் வேகமாக நகர்ந்தது. துடுப்பை மடியில் வைத்தால் நின்றது. வண்டியில் கட்டிய கண்ணாடி.

சாலை கடல்முனையோடு முடிகிறது. வெளிச்சமும் அங்கேயே நின்றுவிட்டது. தீவில் இறங்கி மணலில் உட்கார்ந்தேன். அங்கிருந்தும் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன், இருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்தும் பார்த்தேன்; கழுத்து தானாகத் திரும்பியது. வெயில் சாயும் முன்பே படகைத் தண்ணீருக்குள் தள்ளினேன்.

கரை சேர்ந்ததும் ஓடி வந்து படகைப் பிடித்தார்.

"நிக்க மாட்டேன்னு சொன்னீங்களே?"

"எங்க நின்னேன்? வண்டியிலதானே உக்காந்திருந்தேன்."

சொல்லிக்கொண்டே பின்பக்க மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டார். கட்டிய கட்டு பிரிக்காத என் கூடாரத்தை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல மூடியாத்தான் பாத்து எடுத்திருக்க. துளி ஈரம் இல்ல பாரு."