சாட்சிக்காக ஒரு பூசை

ஆலிஸின் வாயிலிருந்து ஒரு பெயரைப் பிடுங்க எந்தக் கொம்பனாலும் முடியாது. திருவொற்றியூரில் ஒரு செல்போன் கடை மாடியில் அவளுக்கு வேலை. எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் கை கால் போனவர்கள், சாவைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லோரையும் பேசவைத்துப் படம்பிடிப்பாள். முகத்தை மறைத்து, குரலை மாற்றி, வழக்கறிஞர்களுக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்புவாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று இடங்களில் நகல் இருக்கும். தன்னிடம் வந்தது எதுவும் அழியாது என்று அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

ராயபுரத்தில் அவள் தெருவிலேயே குடியிருந்த ஜெரால்டுக்கு அவளுடைய ஆவணத்தில் பெயர் கிடையாது, 'சாட்சி ஏழு' மட்டும்தான். அவனோடு ஒப்பந்த வேலை பார்த்த திலீப் ரசாயனத் தொட்டிக்குள் மூச்சுமுட்டிச் செத்தான். வீட்டுக்குப் போகிற வழியில் மயங்கி விழுந்தான் என்று கம்பெனி கூசாமல் புளுகியது. தொட்டியிலிருந்து உடம்பைத் தூக்கியதைப் பார்த்து, பேசவும் துணிந்தவன் ஜெரால்டு ஒருத்தன்தான்.

"அன்னிக்கு அவனுக்கு லீவுக்கா. சூப்பர்வைசர் வூட்டாண்ட வந்து, சிரிச்சிகினே வண்டில ஏத்திகினு போனாரு. ஒரு மணி நேர வேலதான்னாரு" என்று சொல்லும்போது ஜெரால்டு அழுதுவிட்டான். குரலை மாற்றிய பிறகும் அந்த அழுகை அப்படியே கேட்டது.

புதன்கிழமை ஆணையத்தில் விசாரணை. அதுவரை அவன் பெயர் வெளியே போகக்கூடாது, போனால் அவனை உயிரோடு விடமாட்டார்கள். அவன் மனைவி மெர்லின் வந்து ஆலிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே பேஜாரா கீதுக்கா. நான் இன்னா பண்ணட்டும்?"

"யாராண்டயும் வாயத் தொறக்காத. ஜெபம் பண்ணு, அது போதும்."

பாவி, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிறு காலைப் பூசையில் மாதா கோவில் நிரம்பி வழிந்தது. சாமியார் வழக்கம்போல, யார் யார் எதற்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள் என்று வாசித்தார். பிறந்தநாள், கல்யாண நாள், செத்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி. பிறகு, "புதன்கிழமை விசாரணையில் சாட்சி சொல்லவிருக்கும் ஜெரால்டின் பாதுகாப்புக்காக, மனைவி மெர்லின்."

ஆலிஸ் மெர்லினைத் தேடினாள். முன்வரிசையில் மெர்லின் முக்காடு போட்டு, கண்ணை மூடி, நிம்மதியாக முட்டிபோட்டிருந்தாள். காய்ச்சலுக்கும் பூசை, கடலுக்குப் போகும் படகுக்கும் பூசை என்று வளர்ந்தவள். ஆண்டவரிடம் சொன்னது ஊருக்கும் கேட்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஊருக்கு மட்டுமா? தூணோரம், கோவிலுக்குப் படம்பிடிக்கும் பையன் ஃப்ரெடியின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நடக்கமுடியாதவர்களுக்காகப் பூசை முழுக்க யூடியூபில் நேரலை.

பூசை முடிந்ததும் ஆலிஸ் அவனிடம் பாய்ந்தாள். "அத்த அழி, ஃப்ரெடி. இப்பவே!"

"இன்னாக்கா, பூசையப் போயி அழிக்கச் சொல்ற?"

"அழிடான்னா!"

அவன் மிரண்டுபோய் அழித்தான். அப்புறம் தயங்கினான். "யாரோ பொறந்தநாள் வாசிச்ச எடத்த வெட்டி ஸ்டேட்டஸ் வச்சிட்டாங்கக்கா. அதோட ஜெரால்டு அண்ணன் பேரும் சேந்துகீது. குரூப் குரூப்பா சுத்துது."

எதையும் அழியவிடாமல் காப்பதே பிழைப்பாக இருந்தவள், இந்த ஒன்று அழியட்டும் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வழக்கறிஞருக்கு போன் போட்டாள். கார் கொண்டுவருகிறேன், ஆளை வீட்டிலேயே வை என்றார். ஜெரால்டுக்குப் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெயிலில் செருப்பு அறுந்துபோக ஓடினாள்.

வீட்டு வாசலில் மெர்லின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஜெரால்டு எங்கடி?"

"நான் பூசை முடிஞ்சி வரச்சொல்லவே சூப்பர்வைசர் வந்து குந்திகினு இருந்தாருக்கா. கூட ரெண்டு பேரு. கம்பெனி சமாதானமாப் போவுதாம், பூசை வீண்போவல. ஒருத்தரு பாப்பாவ மடிலயே வச்சி கொஞ்சிகினு இருந்தாரு. இவரு கெளம்பினப்புறந்தான் எறக்கிவுட்டாரு."

"ஜெரால்டு எதுனா சொன்னானா?"

"'ஆலிஸக்காண்ட சொல்லிடு'ன்னு மட்டும் சொன்னாரு. ஒரு மணி நேர வேலதானாம். காலீலயே மீன் கொயம்பு வச்சிட்டேன், வந்து துண்ணுவாருல்ல?"

ஆலிஸின் கை தானாகவே செல்போனை எடுத்து, பதிவு பட்டனை அழுத்தி, மெர்லினின் முகத்துக்கு நேரே பிடித்தது.

"மொதல்லேர்ந்து சொல்லு, மெர்லின். ஜெரால்டு இன்னா கலர் சட்ட போட்டுகினு போனான்?"