தேடுகிறவர்கள்

அப்பாவை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் தலையணை செருகிக்கொண்டிருந்தாள் செலின். அப்போதுதான் அவர் கேட்டார்.

"இன்னைக்குப் பறந்தாங்களா?"

"யாருப்பா?"

"தேடுறவங்க."

ஜன்னலுக்கு வெளியே மேகம் வீட்டுக் கூரைகளில் வந்து உட்கார்ந்திருந்தது. "இந்த மூட்டத்துல எங்க பறக்கிறது" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நுரையீரலில் இனி ஒன்றுமில்லை, இரண்டு மூன்று நாள்தான் என்று நர்ஸ் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பதினோரு நாளாக செலின் ஒழுங்காகப் படுக்கவில்லை. நின்றால் உட்காரவும் உட்கார்ந்தால் சரியவும் தோன்றியது.

ஓவிலோக் அத்தை, அப்பாவின் தங்கை, மேசையில் தனக்குத்தானே சீட்டாடிக்கொண்டிருந்தாள். தன்னைத்தானே ஏமாற்றவும் செய்வாள்.

"தெனமும் இதே கேள்விதான்" என்றாள் அத்தை. "நீ ஆபீஸ் போனப்புறம் என்னைக் கேப்பான். போன கோடையில பெரிய ஏரிக்கு என்னையும் இழுத்துட்டுப் போய்க் கரையில உக்காரவெச்சான். அந்த ஹெலிகாப்டர் கோடு போட்டாப்ல போகுது, திரும்புது, போகுது. எனக்குக் கொசுக்கடி. இவனுக்கு ஒரே சந்தோசம். போலீஸ்காரன் மாதிரி இல்ல, இவங்க ஒழுங்காத் தேடுறாங்கன்னான். கூடாரத்துல இருந்த பசங்களுக்கு உலர்ந்த மீன் ஒரு மூட்டை குடுத்தான். தேடுறவங்க பசியோட இருக்கக் கூடாதாம்."

"போலீஸ்காரனா?"

கேட்டுவிட்டு செலின் அப்படியே நின்றாள். அத்தையும் சீட்டைக் கீழே வைத்தாள்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன், அந்த வடதுருவப் பக்கத்து ஊரில் ஏரிகள் இன்னும் உறைந்திருந்த ஒரு மே மாதம், செலினின் அண்ணன் உக்பிக் பனிவண்டியில் பெரிய ஏரிக்குப் போனவன் திரும்பவில்லை. பத்தொன்பது வயது. நிலமும் வானமும் ஒன்றாக வெளுத்துப்போன நாள். போலீஸ் விமானம் ஆறு நாள் தேடிவிட்டுத் திரும்பிவிட்டது. அப்பா அதற்கப்புறம் நாலு வசந்தம் தனியாகத் தேடினார். பிறகு ஒருநாள் நிறுத்தினார். அன்றிலிருந்து உக்பிக்கின் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு வைரக் கம்பெனிக்காரர்கள் ஊர்க்கூடத்துக்கு வந்தார்கள். நிலம் ஊர்க்காரர்களுடையது, நிலச் சங்கம் அனுமதித்தால்தான் உள்ளே கால்வைக்க முடியும். பெரியவர்கள் தலையாட்டாமல் சங்கம் கையெழுத்துப் போடாது. மொழிபெயர்த்தவள் செலின். வைரம் என்றால் என்ன என்று விளக்கவே கால்மணி நேரம் ஆனது. அவர்கள் செய்யப்போகிற வேலைக்கு ஊர்க்காரர்களின் மொழியில் தனிச்சொல் கிடையாது. ரேடியோவிலும் ஆபீசிலும் எல்லாரும் சொல்வது போல 'தேடுவது' என்றே அவளும் சொன்னாள். ஆள் காணாமல் போனாலும் அதே சொல்தான். கிடைத்தது கல்லா ஆளா என்று அந்த மொழியின் வினைச்சொல் காட்டிக்கொடுக்காது.

அப்பா அன்று தாமதமாக வந்தார். வைரப் பேச்சு முடிந்திருந்தது. துப்பாக்கிச் சத்தத்தில் பாதி போன காதுடன் கதவோரம் உட்கார்ந்தார். செலின் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பெரிய ஏரியைச் சுத்தித் தேடப்போறாங்க. மேலருந்தும் தேடுவாங்க, நடந்தும் தேடுவாங்க. எதையும் கலைக்க மாட்டாங்க. கிடைச்சா மொதல்ல நம்மகிட்டதான் சொல்வாங்க."

அப்பா இரண்டு புருவத்தையும் உயர்த்தினார். சரி என்று அர்த்தம். வேட்டையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத ஊர். அவரைப் பார்த்து மற்ற பெரியவர்களின் புருவங்களும் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

செலின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

"அவன்கிட்ட சொல்லப்போறியா?" என்றாள் அத்தை தணிந்த குரலில்.

"இருபது வருஷத்துல ஒரு வார்த்தை கூட்டிக் கொறைச்சுச் சொன்னதில்ல அத்தை நான்."

"ஆமா. கூட்டாமக் கொறைக்காமச் சொல்லித்தான் இந்த லட்சணம்."

மதியம் டங்கன் வந்தான். வைரக் கம்பெனிக் கூடாரங்களின் பொறுப்பாளன், மண்ணையும் பாறையையும் படித்தவன். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஆரஞ்சுப் பெட்டியோடு காலுறையில் ஓட்டை தெரிய உள்ளே வந்தான். மீன் கொடுத்த பெரியவருக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டானாம்.

"நாளைக்குக் கேம்ப்பைக் காலிபண்றோம்" என்றான் ஆங்கிலத்தில். "ரெண்டு வருஷம், ஆயிரத்துச் சொச்சம் மண் மூட்டை சோதிச்சாச்சு. அங்க ஒண்ணும் இல்ல. தோண்டின எடத்துல எல்லாம் பாசியைத் திருப்பி வெச்சாச்சு."

அப்பா கண்ணைத் திறந்தார். "கிடைச்சுதான்னு கேளு."

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. "எல்லா எடத்துலயும் தேடிட்டாங்களாம்ப்பா" என்றாள் செலின். "அங்க இல்லையாம்."

அவர் மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசினார்.

"இவங்களுக்கு அவன் யாரு? இருந்தும் தேடியிருக்காங்க. நான் நாலு வருஷத்துல விட்டுட்டேன். நன்றி சொல்லு. அடுத்த வருஷமும் தேடட்டும். எனக்குச் சம்மதம்னு சொல்லு."

"என்ன சொல்றார்?" என்றான் டங்கன்.

கடைசி இரண்டு வாக்கியத்தை மட்டும் சொன்னால் போதும். ஒரு எழுத்துப் பொய் இருக்காது. அனுமதி கையிலிருந்தால் வேறு மூலையில் அடுத்த வருடமும் கூடாரம் முளைக்கும். அடுத்த தடவை துளைக்கும் எந்திரம்கூட வரலாம். செலின் ஊர்க்கூடத்தில் பேசும் அதே குரலில், ஆங்கிலத்தில் சொன்னாள்:

"இத்தனை நாளும் நீங்க என் அண்ணனைத் தேடுறதா நினைச்சுட்டிருந்திருக்கார். அந்த ஏரிக்குப் போய்க் காணாமப் போனவன். நான் சொன்ன வார்த்தை அப்படி."

டங்கன் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தான். கை நின்றது. "அப்போ, அன்னைக்கு அவர் குடுத்த சம்மதம்?"

"அண்ணனுக்குக் குடுத்தது."

"ஊரே அவரைப் பார்த்துத்தானே..."

"ஆமா. சங்கத்துக்கு நானே எழுதப்போறேன், அது செல்லாதுன்னு."

அவன் முகத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். "எழுதுங்க" என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த வரைபடத்தை எடுத்துப் போர்வையின்மேல் விரித்தான். ஹெலிகாப்டர் போன பாதைகள் நெருக்கமான சிவப்புக் கோடுகளாக இருந்தன. அப்பாவின் விரல் வலையில் கிழிசல் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனது. மேற்கே கோடு இல்லாத ஒரு சிறு வளைகுடாவில் நின்றது.

"இங்க தேடலையே."

"எங்க எல்லை அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது" என்று செலினிடம் சொன்னான் டங்கன். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து, "நாளைக்கு" என்றான்.

"நாளைக்குத் தேடுறாங்களாம்ப்பா."

வாசலில் பூட்ஸ் மாட்டும்போது அவனிடம் கேட்டாள். "சும்மா சொன்னீங்களா?"

"தெரியல. மேகம் விலகணும்."

மறுநாள் காலை ஆறரைக்கு அப்பாவின் மூச்சு நின்றது. அடுத்தது வரும் என்று செலின் அவர் கையைப் பிடித்தபடி காத்திருந்தாள். வரவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், தூக்கம்தான் வந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு மேகம் விலகி வெயில் அடித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, வெந்நீர் வைத்து, உடம்பைத் துடைத்தார்கள். பாதிரியார் மாலையில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டிவிட்டு, அத்தை தன் அண்ணனின் தலையை மடியில் வைத்துச் சீவினாள். "உயிரோட இருக்கிறப்ப ஒரு நாள் சீவ விட்டிருப்பானா" என்று அவனையே திட்டினாள். கூரைமேல் ஹெலிகாப்டர் சத்தம் வந்து, மேற்கே போய்த் தேய்ந்தது.

மதியம் போன் அடித்தது. பின்னால் ஹெலிகாப்டர் இறக்கையின் இரைச்சல்.

"செலின்? ரெண்டு தடவை சுத்தினோம், ரொம்பத் தாழ. கரையில எறங்கி நடந்தும் பார்த்தோம்." டங்கனுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்குங்க. அப்பாகிட்ட சொல்லிடறீங்களா?"

"சொல்லிடறேன்" என்றாள்.

உள்ளே போய் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெண்கள் விலகி இடம் விட்டார்கள்.

"ரெண்டு தடவை சுத்தினாங்களாம்ப்பா. ரொம்பத் தாழ. கரையில எறங்கி நடந்தும் தேடினாங்களாம்."

அத்தை சீப்பைப் பிடித்தபடி மீதிக்காகக் காத்திருந்தாள். செலின் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து அத்தை மறுபடி சீவத் தொடங்கினாள்.