ரோசியோவைத் திட்ட ஆள் இல்லை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது போர்ச்சுகலில், ஒல்யாவ் ஊர்க் கால்பந்து மைதானத்துக்குப் பின்னால், மத்தி மீன் சுடும் புகைக்கு நடுவே. கோல்கீப்பர் ரோசியோ பாதி சொன்னாள். மீதி என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்பெயினிலிருந்து வந்த ரோசியோ ஒரே ஒரு சொல்லால், அந்தச் சொல்லோ…' (வேண்டாம். மொழி வகுப்பு வாடை அடிக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லாமலும் தீராது.)

2

அவள் ஊரில் சேக்காளியை 'தியா' என்பார்கள், நம் 'அடியே' மாதிரி. வந்த அன்றே அணி முழுவதையும் அப்படிக் கூப்பிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும். போர்ச்சுகலில் அது அத்தை. கேலியாகச் சொன்னால், பீற்றிக்கொள்ளும் சீமாட்டி. பின்வரிசையில் ஆடும் ஒடேத், மீன் ஆலையில் வேலை பார்ப்பவள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருடி சீமாட்டி? உங்கம்மாதான் சீமாட்டி!"

பயிற்சியாளர் உல்ரிகா சுவீடன்காரி. அவள் மொழியில் அது 'பத்து'.

"எதுக்கு எப்பப் பாத்தாலும் பத்தாம் நம்பரையே கூப்பிடுற?"

கடைசியில் உல்ரிகா சட்டம் போட்டாள்: "இனிமே மைதானத்துல கொச்சை கிடையாது. மரியாதையாப் பேசுங்க."

(உல்ரிகாவைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். பயிற்சிக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வருகிறவளை எப்படி வில்லியாக்குவது? விட்டுவிட்டேன்.)

3

மரியாதை வந்தது, கூடவே கோலும் வந்தது. "ஒடேத், தயவுசெஞ்சு பந்தை எனக்கு விடுங்க" என்று ரோசியோ முடிப்பதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி கிழிகிழியென்று கிழிப்பார்கள். இவள் நுழைந்தால் மட்டும், "வாங்க, உக்காருங்க." சம்பந்தி வீட்டுக்கு வந்தவள் போல ஓரமாக உட்கார்ந்து ஷூவை மாட்டுவாள். அழுகை முட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தோடு ஊருக்கே போய்விடுவது என்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

4

ஞாயிறு. ஆட்டம் சமநிலை, கடைசி நிமிடம், எதிரணிக்குக் கார்னர். பந்து உயர எழும்பி வந்தது. ரோசியோ "தயவுசெஞ்சு" என்று வாயெடுத்தாள். முன்னால் நின்ற ஒடேத் திரும்பினாள். அவள் கண்களில் ஒரு… (கண்ணெல்லாம் இல்லை. சுத்தமான கோபம்.)

"அடியே [                ]! மரமாட்டம் நிக்கிறா பாரு! வெளிய வந்து புடிடி!"

உல்ரிகா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். ரோசியோ பாய்ந்தாள்.

"அப்பாடான்னு இருந்துச்சு. என்னைத் திட்டிட்டாங்க, நம்புவீங்களா?" என்றாள் என்னிடம், வாய் நிறைய மீனோடு.

5

பந்து கைக்கு வந்ததா, வலைக்குப் போனதா? இரண்டு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிலும் அன்று மாலையே பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கிவிடுகிறாள். எனக்கு அது போதும். ஸ்கோரை உங்கள் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த அடைப்புக்குறியைக் காலியாக விட்டுவிடாதீர்கள். ஒடேத் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. உங்களை உரிமையோடு திட்டுகிறவர் ஒருவர் இருப்பார் அல்லவா? அவர் வாயில் வரும் சொல்லை எடுத்து அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.