யன்னல் வைத்த சிறை

இந்தக் காலத்துச் சனத்துக்கு ஒன்றைப் பார்த்தோம், வீடு போய்ச் சேர்ந்தோம் என்று இருக்கத் தெரிவதில்லை. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, ஷெல் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது. ஆனாலும் ஜெனரேட்டரில் ஒரு வீடியோப் படம் ஓடி முடிந்தால் போதும், மறுநாள் மீன் வாங்க வந்தவன்கூட நடிப்பில் குறை சொல்வான். மீன் விற்கிற செல்வராசாவுக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் கதிர்காமநாதன் மாஸ்டர் பழக்கிவிட்ட பழக்கம். புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பு நடத்தும் அவர், வாசிகசாலைச் சுவரில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஒட்டுவார். முன்பு அதில் கவிதைகள்தான் இருந்தன. இப்போது படம், சினிமாப் பாட்டு, திருவிழா நாடகம் என்று எதை எடுத்தாலும் 'நிறை' என்று ஒரு பத்தி, 'குறை' என்று ஒரு பத்தி. அதை வாசித்த பிறகுதான் சனம், தான் பார்த்தது நல்லதா கெட்டதா என்று முடிவுக்கு வரும்.

அந்த வருசம் இளைஞர் கழகம் சிறை நாடகம் ஒன்று போட்டது. விபரம் கேட்டுச் செல்வராசாவிடம்தான் வந்தார்கள். எண்பத்தாறில் ஆமிக்காரரால் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போகப்பட்டு, தெற்கே ஒரு சிறையில் ஒன்பது மாதம் தனி அறையில் கிடந்தவர் அவர். கதவின் அடியில் சாப்பாட்டுக் கோப்பை தள்ளுகிற ஓட்டை ஒன்றுதான், யன்னல் கிடையாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். தலையை ஆட்டிக்கொண்டு போனவர்கள் மேடையில் மட்டை வெட்டி ஒரு யன்னல் வைத்துவிட்டார்கள். பின்னால் பெற்றோல்மாக்ஸ் விளக்கு வைக்காவிட்டால் கதாநாயகன் கணபதியின் முகம் தெரியாதாம். கணபதி கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நிலாவோடு கதைத்தான். 'அந்த யன்னல் நம்பிக்கையின் குறியீடு' என்று மாஸ்டர் நிறையில் எழுதினார்.

எக்கேடும் கெடட்டும் என்று செல்வராசா விட்டிருப்பார். அழகம்மா இருந்தாளே. அவரைப் போலவே மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவள்; அவருக்குப் படிந்துவிட்ட வன்னிப் பேச்சு அவளுக்கு இன்னும் படியவில்லை. அவளுடைய மகன் பிரதீபனை மாசி மாதம் வவுனியாவில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே சிறை, தனி அறை. அவனைப் பொது அறைக்கு மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதிக்கொடு என்று அவள் ஆள் ஆளாகக் கேட்டுத் திரிந்தாள். நாடகம் பார்த்த மறுநாள் அந்த அலைச்சல் நின்றுவிட்டது.

"யன்னல் இருக்குன்னா சமாளிச்சுக்குவான் அண்ணே. மாத்தச் சொல்லப் போயி இதவிட மோசமான எடத்துல போட்டுட்டா? நெலாவெல்லாம் தெரியுதே, நீங்க ஒருநாளும் சொல்லலயே."

ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு விமர்சனக் கூட்டம் வைத்தார்கள். யாரும் கூப்பிடாமலே செல்வராசா எழுந்தார்.

"யன்னல் இல்லை. ஒரு மண்ணும் இல்லை. கோப்பை தள்ளுறவன்ர விரலைப் பாக்கத்தான் நான் காத்துக்கொண்டிருப்பன். நாலு விரல் தெரியும். சின்ன விரல்ல நகமில்லை. ஒருநாள் அவன் கோப்பையைக் காலால தள்ளினான். அண்டைக்குத்தான் அழுதனான். வேறொண்டுக்கும் அழேல்லை."

சனம் கைதட்டியது. எதற்குத் தட்டுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

வாசலில் அழகம்மா மறித்தாள். முகம் செத்திருந்தது. "நெசமாவா அண்ணே?"

"பின்ன? வியாழக்கிழமை செஞ்சிலுவைக்காரர் வருவினம். மனுவை எழுதுவிச்சுக் குடு. அவன் அந்தத் தனி அறையை விட்டு வெளியில வரட்டும், நாலு மனுசரோட இருக்கட்டும்."

"குடுக்கிறேன்" என்றாள்.

புதன்கிழமை புதிய தாள் ஒட்டியிருந்தது. மாஸ்டரிடம் படிக்கிற நிசாந்தினியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். நிறை: விரல் பற்றிய சித்திரிப்பு புதுமையானது. குறை: குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, சொந்த அனுபவம் என்று நம்பவைக்கும் உணர்ச்சி போதாது.

"ஆரைப் பற்றிப் பிள்ளை இது?"

"உங்களைப் பற்றித்தான் ஐயா."

நேரே ரியூசன் கொட்டிலுக்குப் போனார். "மாஸ்டர், நான் என்ன கூத்தோ ஆடினனான்?"

"கோவிக்காதையுங்கோ ஐயா. ஆளைக் குறை சொல்லேல்லை, வெளிப்பாட்டைத்தான் சொன்னனான்."

"அதைக் கிழியுங்கோ."

"விமர்சனத்தைக் கிழிக்கிறது முறையில்லை. நீங்கள் ஒரு மறுப்பு எழுதித் தாங்கோ, ஒட்டிவிடுறன்."

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் உங்களிட்ட வந்து நிக்கிறன்?"

வியாழன் மத்தியானம் சந்தைப் பக்கம் அழகம்மாவைக் கண்டார். வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தாள்.

"மனுக் குடுத்தியா தங்கச்சி?"

"இல்லண்ணே. புள்ளைக்குக் கடுதாசிதான் குடுத்தேன். யன்னல்ல என்ன தெரியுதுன்னு கேட்டு எழுதியிருக்கு. நெலாத் தெரியுற நேரத்த எழுதச் சொல்லியிருக்கேன், நானும் அந்நேரம் பாக்கலாமில்ல."

"நான் அவ்வளவு சொன்னனே!"

"மாஸ்டரு எழுதியிருக்காராமே. அந்த ரூமுல கெடந்த மனுசன் மீன் வெல சொல்ற மாதிரியா சொல்லும்? ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலயே அண்ணே ஒங்களுக்கு."

செல்வராசா அந்த வெயிலில் நின்று ஒருதரம் அழுது பார்த்தார். வரவில்லை. முகம்தான் கோணியது. அழகம்மா பயந்து இரண்டடி பின்னால் போனாள்.

அந்தக் கடிதம் அதே ஓட்டைக்குள்ளால்தான் போகும். கீறல் வெளிச்சத்தில் பெடியன் எழுத்துக் கூட்டி வாசிப்பான். நாலு சுவரையும் சுற்றிப் பார்ப்பான்.

"போ தங்கச்சி" என்றார்.

வாசிகசாலையைத் தாண்டும்போது கணபதி சைக்கிளிலிருந்து காலை ஊன்றினான். "அண்ணை, அண்டைக்கு நல்லாத்தான் செய்தனீங்கள். அந்த விரல் கட்டத்தில கொஞ்சம் நிப்பாட்டிச் சொல்லியிருந்தா, சனம் அழுதிருக்கும்."

"அங்க யன்னல் இல்லையடா."

"அது சரி அண்ணை, மேடைக்கு வேணுமெல்லோ."

செல்வராசா காறித் துப்பிவிட்டு நடந்தார். கணபதி இன்னும் ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். அவர் திரும்பவில்லை.