பூட் ஆகாத செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் அடுக்ககத்தில் மாலை நாலரை மணி. அதற்கு நான்தான் காரணம்.

அடுக்ககத்தின் நேரத்தை ஒரு சின்ன போர்டு ஓட்டுகிறது. தீப்பெட்டி அளவு. கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். செய்தவள் என் மனைவி நித்திலா. அதற்குள் ஓடும் நிரலையும் அவளே எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நாற்பது நிமிடம் கூடுதலாக வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஞாயிறு எனக்கு நீளமாக இருந்தது. நாற்பது நிமிடத்தை எடுத்துவிட்டுப் புதிய நிரல் எழுதினேன். கட்டிலில் படுத்தபடி வைஃபை வழியாக ஏற்றினேன். நூறு சதவீதம் என்று வந்தது. போர்டு எழவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, நீல விளக்கு எரியவில்லை.

எவ்வளவு காலமாக நாலரை என்று சொல்ல முடியாது. எதிர்வீட்டு ரங்கநாயகி அக்கா பஜ்ஜி போட்டே இரண்டு சிலிண்டர் தீர்த்திருந்தார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுப்பாட நேரம் வரவில்லை. எல்லோரும் நன்றாகவே இருந்தார்கள்.

அக்கா கதவைத் தட்டினார்.

"அவசரம் ஒன்னும் இல்லீங் தம்பி. ஆனா ஞாயித்துக்கிழமை வருமில்லீங்?"

"முயற்சி பண்றேங்க்கா."

"அந்த நாப்பது நிமிசத்தோட வருமில்லீங்?"

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு போர்டைக் கழற்றி, லேப்டாப்பில் மாட்டிப் பார்த்த கேபிளோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நின்றுபோன சாதனங்களை எழுப்பித் தரும் எழுப்புதல் பிரிவு பி பிளாக் லிஃப்டுக்குப் பின்னால் இருக்கிறது. பெயர்ப் பலகையைப் படித்தால் நடைபாதை பத்தடி நீளும். நான் இரண்டு முறை படித்துவிட்டேன். உள்ளே காத்திருப்போர் நாற்காலியில் ஒரு ரைஸ் குக்கர் இருந்தது. அதன் டோக்கன் எனக்கு முந்தையது. அதன் வேலை சீக்கிரம் முடிந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியின் பெயர் தெய்வானை.

"நீங்க இருக்கீங்கங்கறதுக்கு அத்தாட்சி?"

"ரேஷன் கார்டுல பேர் இருக்குங்க."

"அது ரேஷன் கடைக்கு."

மேசையைத் தட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"கேட்டுச்சு," என்று முத்திரை குத்தினார். "போர்டு?"

"சிவப்பு எரியுது. நீலம் எரியலைங்க."

"அப்ப சாவலை. முழுசா அழிச்சுட்டுக் கம்பெனி நேரம் ஏத்தித் தர்றேன். எல்லா நாளும் இருபத்து நாலு மணி. இங்க கையெழுத்துப் போடுங்க."

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

"பழைய நிரல் என்னாகுங்க?"

"நீங்க ஏத்துனது ஒரு அறையில இருக்கும். முந்தி இருந்தது பக்கத்து அறையில சும்மா உக்காந்திருக்கும். முழுசா அழிச்சா ரெண்டும் போயிரும்."

"அழிக்காம எழுப்ப முடியாதுங்களா?"

"பூட் பட்டனை அமுத்திப் புடிச்சுட்டு ரீசெட்டைத் தட்டோணும். சிப்புக்கு அடியில கொஞ்சூண்டு நிரல் இருக்கு. அது செய்யும்போதே எழுதுனது. யாரு என்ன பண்ணாலும் அழியாது. அது முழிக்கும்."

"அதைத்தாங்க செஞ்சுட்டே இருக்கேன். லேப்டாப்புக்குப் பதிலே வரலை."

கேபிளைக் காட்டச் சொன்னார். வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இது சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள். உள்ள பேசற கம்பியே இல்லை. சோறு போடும். பேசாது."

"பதினாலு மாசமா இதைத்தான் வெச்சிருக்கேன்."

"தெரியுது," என்றார். "பேசற கேபிள் ஒன்னு யாருகிட்டயாவது கேளுங்க. கேட்டாத்தான் கிடைக்கும். அது விதி."

படிக்கட்டுக்கு வந்தேன். முதல் கதவைத் தட்டினேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "பேசற கேபிள் இருக்குங்களா?" என்றேன். அந்த வீட்டுக்காரர் என்னை மூன்று முறை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே ஓடினார். பிரிண்டர் கேபிளோடு வந்தார்.

பிறகு நான் தட்ட வேண்டியிருக்கவில்லை. கதவுகள் தாமாகவே வந்து என் முன்னால் திறந்தன. கேமரா கேபிள் வந்தது. யாரோ துணி காயப்போடும் கயிற்றைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் என் கழுத்தில் மாலையாகப் போட்டார்கள். அறுபத்தோரு கேபிள்கள். ஊர்வலமாக என் வீட்டுக்கு வந்தோம். எல்லோரும் உட்காரக் கூடம் நான்கடி அகன்றது.

ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டாவது கேபிளைச் செருகியதும் லேப்டாப் 'டொங்' என்றது.

கேபிள் தளர்வாக இருந்தது. ஒரு கையால் அதைப் பிடிக்க வேண்டும். மறு கையால் ரீசெட். பூட் பட்டனுக்குக் கை இல்லை.

"அக்கா, இதை அமுத்திப் புடிங்க."

"கையெல்லாம் மாவுங் தம்பி."

"பரவால்லைங்க்கா."

அவர் அழுத்தினார். நான் தட்டினேன். திரையில் ஒரு வரி வந்தது.

காத்திருக்கிறேன்.

எது ஓட வேண்டும் என்று குறித்துவைக்கும் சிறிய இடம் ஒன்று உண்டு. அதில் பக்கத்து அறையைக் குறித்தேன். நான் எழுதியதை அழித்தேன். அவள் எழுதியதைத் தொடவில்லை.

மறுபடி ரீசெட்டைத் தட்டினேன்.

நீல விளக்கு எரிந்தது. நாலு முப்பத்தொன்று. உடனே புதன் வந்தது. வியாழனும் வெள்ளியும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தைக் கடந்து பால்கனி வழியாக இறங்கிப் போயின. சனி தண்ணீர் கேட்டது, கொடுத்தோம். பிறகு ஞாயிறு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது.

"ஆரம்பிச்சிருச்சா?" என்றார் பிரிண்டர் கேபிள்காரர்.

"இன்னும் முப்பத்தொன்பது நிமிசம் இருக்கு," என்றேன்.

யாரோ கேரம் போர்டை எடுத்துவந்தார்கள். பவுடர் தூவினார்கள். எனக்கு அக்காவே எதிராளி. அவர் நன்றாக ஆடினார். காய்களை மரியாதையாக அழைத்தார், அவை குழிக்குள் நடந்து போயின.

"ஞாயித்துக்கிழமையை நீங்களேதான் கொறைச்சீங்களாமா?" என்றார்.

"ஆமாங்க்கா."

"இப்பவும் கொறைக்கோணுமுங்களா?"

நான் சிவப்புக் காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா இருங்க்கா. என் ஆட்டம்."