சூடு வைக்காத குப்பி

குப்பியிலிருந்த பழைய ஊட்டத் திரவத்தை அவள் உறிஞ்சி எடுத்தாள். நேற்று மதியம் குப்பை லாரியை நிறுத்திவிட்டு வந்த கணவர் வாசற்படியில் உட்கார்ந்தவர்தான், எழவில்லை. இன்று மூன்று மணிக்கு எடுக்கப்போகிறார்கள். வீடு நிறைய ஆட்கள். யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியாகத் தான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள்.

குப்பிக்குள் இருந்தவை அவருடைய செல்கள். ஏழு மாதத்துக்கு முன் அவர் கையிலிருந்து கடுகளவு தோல் எடுத்து வளர்த்தவை. "கட்டிக்கிட்டது பத்தாதுன்னு பாட்டில்ல வேற போட்டு அடைக்கிறியா?" என்று அன்று முழுக்கக் கிண்டல்.

வயதான செல்களால் தங்கள் கழிவை வெளியேற்ற முடிவதில்லை, உள்ளேயே சேர்ந்துவிடுகிறது என்று அவள் ஒருமுறை சொன்னபோது, "லாரி போகலைன்னா தெரு அப்படித்தான் கிடக்கும். என்னை உள்ள அனுப்பு, பாத்துக்கறேன்" என்றார். அந்தக் குரலை இன்னும் ஒரே ஒரு முறை கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஆய்வகத் தலைவி டாக்டரம்மா உள்ளே வந்தவர் திகைத்து நின்றார். "இன்னைக்குப் போய் ஏம்மா வந்தே?"

"ரெண்டு நாளைக்கு ஒருதரம் மாத்தணுமே, மேடம்."

டாக்டரம்மா சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். இன்று அந்தக் குப்பிக்குச் சூடு வைக்கும் நாள். நாற்பத்து மூன்று டிகிரியில் ஒரு மணி நேரம். இதே செல்கள் இளமையாக இருந்தபோது அதைத் தாங்கின. கழிவு சேர்ந்த பிறகும் தாங்குமா என்பதுதான் கேள்வி. மிச்சம் இருப்பது இந்த ஒரு குப்பி.

"நீ கிளம்பு. நான் வச்சுடறேன்."

"வேண்டாம், மேடம்."

"ஏழு மாச வேலைம்மா."

"தெரியும்."

"உறைய வச்சாலும் இதுக்கு மேல பிழைக்காது. இப்படியே விட்டாலும் மிஞ்சிப்போனா ஒரு மாசம்."

"ஒரு மாசம் இருக்கட்டுமே, மேடம்."

டாக்டரம்மா அட்டவணையில் அந்த வரியை அடித்துவிட்டு வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அவள் புதுத் திரவத்தை ஊற்றி, குப்பியை நுண்ணோக்கியில் வைத்தாள். செல்கள் தட்டையாக, அகலமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் பழுப்புப் பொடிகளாகக் கழிவு. அவை பெருகுவதை நிறுத்திப் பல வாரங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் உயிர் இருந்தது. வீட்டில் நடந்தது அவற்றுக்குத் தெரியாது.

கைபேசி அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, எங்க போனீங்க? எல்லாரும் வந்தாச்சு. கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்துடுங்க."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"அண்ணி?"

"இதோ வர்றேன்ப்பா."

அதிக நேரம் வெளிச்சம் பட்டால் செல்களுக்கு ஆகாது. நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள்.